அவள் போட்டுப் பார்த்த உறைகள்

அவள் எப்படி நடக்கிறாள் என்பது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

பாதங்கள் சற்று வெளிப்பக்கமாகத் திரும்பி விழும். அடி சிறியது. ஒவ்வோர் அடிக்கும் இடுப்பு ஒரு பக்கம் போய்த் திரும்பி வரும். அவசரமாகப் போனால் இது குறையாது, கூடும். கல்யாணமாகி வந்த வாரத்திலேயே நாத்தனார் அதற்குப் பெயர் வைத்துவிட்டாள். வாத்து. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நாத்தனார் எல்லோருக்கும் பெயர் வைப்பாள். தன் தம்பிக்கே, இவள் கணவனுக்கே, ஹாரன் என்று வைத்திருந்தாள், தொட்டிலில் அவன் அழுத அழுகைக்காக. அவன் வளர்ந்து பஸ் டிரைவரானது தன் வாக்குப் பலித்ததுதான் என்று இன்னும் சொல்லிக்கொள்கிறாள்.

வாத்து என்று கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பாள். ஆரம்பத்தில் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு விட்டுவிட்டாள். ஹாரன் அவளைப் போலவே நடந்து காட்டுவான். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது சாப்பிட அடம்பிடித்தால் அவன் சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே வாத்தாக நடப்பான்; குழந்தை வாயைத் திறந்து சிரிக்கும்; அந்த வாய்க்குள் ஒரு கவளம் போகும். மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அவன் இன்னும் நடந்து காட்டிக்கொண்டுதான் இருந்தான்.

"நான் அப்படியா நடக்கிறேன்?" என்று அவள் கேட்பாள்.

"இதைவிட மோசமா. உன் மனசு நோகக் கூடாதுன்னு கொஞ்சம் குறைச்சு நடக்கிறேன்."

அவள் வேலை பார்க்கும் இடம் ஒரு பேட்டரிக் கடையின் மாடியில் இருந்தது. இரண்டு அறைகள். முன்னறையில் இன்ஜினியரும் அவருடைய திரைகளும் ஒயர்களும் கழுவாத டீக் கோப்பைகளும். பின்னறையில் அவளும் இரண்டு தையல் மெஷின்களும். இதற்கு முன் ஒரு பெரிய தொழிற்சாலையில் கால்சட்டை தைத்தாள். தைத்தாள் என்று சொல்ல முடியாது. இன்றைக்கு முழுவதும் இடது பாக்கெட், நாளைக்கும் இடது பாக்கெட். ஒரு கால்சட்டை முழுதாக எப்படி முடிந்தது என்று அவளுக்குத் தெரியாது. இங்கே முழு உறையும் அவள் கையால் முடிந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

உறை என்பது முழங்காலுக்குப் போடுகிற பின்னல் துணிக் குழாய். நடுத்தொடையிலிருந்து கெண்டைக்கால்வரை வரும். முட்டியின் இரண்டு பக்கமும் வெள்ளி பூசிய நூலை அலை அலையாக வைத்துத் தைக்க வேண்டும். முட்டி மடங்கினால் துணி இழுபடும். துணி இழுபட்டால் நூலில் ஓடும் மின்சாரம் ஒரு மயிரிழை மாறும். அதை வைத்து முட்டி எவ்வளவு மடங்குகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று திரையில் கோடு ஓடும். மேலே இரண்டு டிச் பட்டன். அதில் ஒரு சிறிய வில்லையை மாட்டினால் அதுதான் கோட்டைத் திரைக்கு அனுப்பும். முட்டியில் ஆபரேஷன் ஆனவர்கள் மறுபடி நடை பழகுவதற்காகச் செய்தது. நடை சரியாக இருந்தால் திரையில் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

நூலை இறுக்கித் தைத்தால் அறுந்துவிடும். தளர்த்தித் தைத்தால் சும்மா நிற்கும்போதே கோடு ஆடும். தைத்து முடித்ததும் மீட்டரின் இரண்டு முனைகளையும் நூலின் இரண்டு நுனிகளில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் இன்ஜினியர். பீப் என்று சத்தம் வந்தால் சரி. அவள் அதைச் செய்வாள். ஆனால் அவளுக்கு அது போதவில்லை. மேசைமேல் கிடக்கிற துணி எதைக் கேட்டாலும் ஆமாம் சொல்லும். அதனால் ஒவ்வோர் உறையையும் அவள் தானே போட்டுப் பார்த்தாள்.

உடையை முழங்காலுக்கு மேல் தூக்க வேண்டியிருந்ததால் கதவைச் சாத்திக்கொள்வாள். பெரிய அளவு உறை என்றால் தொடையில் வெட்டுத்துணியைச் சுற்றி அதன்மேல் ஏற்றுவாள். சிறிய அளவு என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றுவாள். வில்லையை மாட்டுவாள். அதில் ஒரு சிறு விளக்கு எரியும். தண்ணீர் கேன்வரை நடந்துபோய், ஒரு வாய் குடித்துவிட்டு, மெஷினுக்குத் திரும்பி வருவாள். தையல் எங்கும் கடிக்கவில்லை, உறை நழுவவில்லை என்று தெரிந்ததும் கழற்றி மடித்துப் பையில் போட்டு முன்னறையில் வைப்பாள்.

சாத்திய கதவைப் பார்த்து, அக்கா உள்ளே கொஞ்சம் கண்ணயர்கிறார் என்று இன்ஜினியர் நினைத்துக்கொண்டிருந்தார். தையல் நன்றாக இருந்தது. அதனால் கேட்கவில்லை.

ஹாரன் விழுந்தது மழைக்காலத்தில். இத்தனை வருடம் ஆற்றுப் பாலத்தின்மேல் பஸ்ஸை ஓட்டி ஒரு கீறல் விழாதவன், டிப்போவில் நின்றுகொண்டிருந்த அதே பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படியில் வழுக்கினான். வலது முட்டிச் சில்லு விரிந்துவிட்டது. பிரேக் மிதிக்கிற கால்.

"யானைக்கும் அடி சறுக்கும்க்கா" என்றான், கட்டிலில் படுத்தபடி.

"சறுக்கும்டா. ஆனா எந்த யானையும் நின்ன இடத்துல சறுக்காது" என்றாள் நாத்தனார். அவள் கீழ்வீட்டில் இருந்தாள். தம்பிக்கு அடிபட்டதிலிருந்து மேல்வீட்டில்தான் இருந்தாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. காயம் ஆறியது. டிப்போ மேனேஜர் வந்து பார்த்து, கால் முழுதாகச் சரியானது என்று பிசியோதெரபி மேடம் எழுதிக் கொடுத்தால் பாலத்து வழி பஸ் மறுபடி அவனுக்குத்தான் என்றார். மாதக் கடைசிக்குள் வர வேண்டும். வராவிட்டால் அந்த இருக்கையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, இவனை டயர் ரூமில் போட வேண்டியிருக்கும். அப்படிப் போட்டால் போட்டதுதான்.

டயர் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. வந்த டயரை எண்ணி உள்ளே வைக்க வேண்டும், போகிற டயரை எண்ணி வெளியே விட வேண்டும். ரப்பர் வாடை பட்டாலே ஹாரனுக்குத் தும்மல் வரும். ஓடாத பொருள்களுக்கு நடுவே உட்காருவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தால்கூட ஜன்னலோரம்தான் உட்காருவான், யாராவது குறுக்கே வந்துவிடுவார்கள் என்பதைப் போலத் தெருவைப் பார்த்துக்கொண்டு.

அந்த ஆஸ்பத்திரியில்தான் இன்ஜினியரின் உறைகளைப் பரீட்சை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாரனுக்கும் ஒன்று கிடைத்தது. உள்பக்க ஓரத்தில் அவளுடைய தையலை அடையாளம் கண்டுபிடித்து, அங்கிருந்தவர்களிடமெல்லாம் காட்டினான்.

"என் பொண்டாட்டி தைச்சது. இதைப் போட்டுட்டு நான் வேற எப்படி நடக்க முடியும்? அவ சொன்னபடிதான்."

அது வேடிக்கைக்குச் சொன்னது.

முதல் நாள் சிவப்பு. அது எதிர்பார்த்ததுதான். இரண்டாவது வாரம் சிவப்பு. மூன்றாவது வாரம் வலி போய்விட்டது, மாடிப்படி ஏறி இறங்கினான், கடைக்குப் போய்வந்தான். திரை மட்டும் சிவப்பாகவே இருந்தது.

"நல்லாத்தான் மேடம் இருக்கு" என்றான் பிசியோ மேடத்திடம்.

"உங்களுக்கு நல்லா இருக்கிற மாதிரி தோணும். முட்டி திரும்புற விதம் சரியில்லன்னு காட்டுதே. மத்தவங்களைப் பாருங்க, எவ்வளவு கஷ்டப்பட்டு பச்சைக்குக் கொண்டுவந்திருக்காங்க. நீங்க திரையைப் பாக்கவே மாட்டேங்கிறீங்க."

"நான் ரோட்டைப் பாத்துதான் மேடம் பழக்கம்."

வீட்டுக்கு வந்ததும் அவள் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்பாள். அவன், "சிவப்பு" என்பான். உறையைக் கழற்றி மேசைமேல் போடுவான். சாப்பாட்டுக்கு வாத்து நடை நடந்து வருவதும் நின்றுபோயிருந்தது. மகள் ஒருமுறை, "அப்பா, டயர் ரூம்லயும் ஒரு ஃபேன் இருக்குமில்ல?" என்று கேட்டுவிட்டாள். நல்லெண்ணத்தில்தான் கேட்டாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டான்.

அவளுக்குத் தன் தையல்மேல் சந்தேகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் குளிக்கப் போனபோது உறையை எடுத்துத் தன் காலில் ஏற்றினாள். அவனுடைய ஃபோனிலும் அந்தத் திரை வரும். அதை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டுக் கூடத்தில் ஒரு நடை நடந்தாள்.

பச்சை.

இன்னொரு நடை. பச்சை. ஓரத்தில்கூடச் சிவப்பு இல்லை.

உறையில் கோளாறு இல்லை. அப்படியென்றால் கோளாறு காலில். அவன் ஈரத் தலையோடு வந்து நின்றபோது மறைக்கத் தோன்றாமல் சொல்லிவிட்டாள்.

"நான் போட்டுப் பாத்தேங்க. எனக்குப் பச்சை வருது."

அவன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தான். துவட்டி முடித்தும் துவட்டினான்.

"அப்ப சரி. கால்தான்" என்றான்.

மாதக் கடைசி நெருங்கியது. வெள்ளிக்கிழமை கடைசிப் பரிசோதனை. அதற்கு மூன்று நாள் முன்பு நாத்தனார், தானும் ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்று கிளம்பினாள். அந்தத் திரையை நேரில் பார்த்து நாலு கேள்வி கேட்க வேண்டுமாம்.

பிசியோதெரபிப் பிரிவில் ஒரு நீளமான வராந்தா இருந்தது. ஓரத்தில் பெஞ்சு. தரையில் மஞ்சள் கோடு. கோட்டின் முடிவில் சுவரில் திரை. உறை போட்டவர்கள் ஒருவர்பின் ஒருவராக நடந்து வர வேண்டும். நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். முதலில் ஒரு பெயிண்டர் நடந்தார். ஏணியிலிருந்து விழுந்தவர். பச்சை. அடுத்து ஒரு பல் டாக்டரம்மா. வீட்டு வாசலில் விழுந்தவர். பச்சை. அடுத்து நல்ல பருமனான ஒரு சமையல்காரர். பச்சை.

நாத்தனார் பையைக் கீழே வைத்தாள்.

"டேய் ஹாரன்."

"மெதுவாக் கூப்பிடுக்கா."

"இங்க பாருடா. இவங்க யாரு மாதிரி நடக்கிறாங்க?"

"யாரு மாதிரி?"

"அந்தச் சமையல்காரர் இடுப்பைப் பாரு. அந்த டாக்டரம்மா பாதத்தைப் பாரு. அன்னநடை நடக்கப் போய்க் காக்கா தன் நடையும் கெட்டுச்சுன்னு கேள்விப்பட்டிருக்கேன். ஆஸ்பத்திரி மொத்தமும் வாத்து நடை நடக்கிறதை இப்பத்தான்டா பாக்கிறேன்."

ஹாரன் பார்த்தான். பெயிண்டர் திரும்பி வந்துகொண்டிருந்தார். ஒல்லியான, மீசை வைத்த மனிதர். வெளியே திரும்பிய பாதம், சின்ன அடி, ஒரு பக்கம் போய்த் திரும்பி வருகிற இடுப்பு. சமையலறையிலிருந்து டீயோடு வருகிறவளை அவன் ஆயிரம் முறை பார்த்திருக்கிறான். டீ மட்டும்தான் இல்லை.

அவன் முறை வந்தது. மஞ்சள் கோட்டில் நின்றான். ஒரு கணம் யோசித்தான். பிறகு மகளுக்குச் சோறு ஊட்டுவதற்காக நடந்த அந்த நடையை நடந்தான். கொஞ்சமும் குறைக்காமல்.

திரை பச்சையாக எரிந்தது. இத்தனை வாரத்தில் அப்படி ஒரு பச்சையை அந்த வராந்தா பார்த்ததில்லை. பிசியோ மேடம் கை தட்டினார்.

"பாத்தீங்களா? மனசு வச்சா வருதில்ல!"

நாத்தனார் சேலை முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அன்று மாலை மேல்வீட்டில் சிரிப்பு ஓய ஒரு மணி நேரம் ஆனது. நாத்தனார் பெயிண்டராக நடந்தாள், சமையல்காரராக நடந்தாள். ஹாரன் பிசியோ மேடமாகக் கை தட்டினான். மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாத்து என்று பெயர் வாங்கியவளும் சிரித்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"வெள்ளிக்கிழமை கவலையே இல்ல" என்றான் ஹாரன். "மேடம் முன்னாடி வாத்து நடை நடக்கிறேன். கையெழுத்து வாங்குறேன். டிப்போ கேட் வரைக்கும் வாத்து. கேட்டுக்குள்ள போனதும் நான்."

"இருபது வருஷமா இதுக்குத்தான்டா உனக்குப் பயிற்சி கொடுத்திருக்கா" என்றாள் நாத்தனார்.

அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். இரண்டு வெங்காயம் நறுக்கினாள். பிறகு நிறுத்தினாள்.

"அண்ணி, அவங்க எல்லாரும் அப்படியேவா நடந்தாங்க?"

"அச்சு அசல். உனக்குப் பிறந்தவங்க மாதிரி."

"எல்லா உறையையும் நான் போட்டுப் பாத்தேன்" என்றாள் அவள்.

யாருக்கும் உடனே புரியவில்லை. அவளுக்கே முழுதாகப் புரியவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பச்சை நினைவுக்கு வந்தது. உறை நன்றாக இருந்ததால் வந்த பச்சை இல்லை அது. உறை அவளைத் தெரிந்துவைத்திருந்தது. வேறு எப்படியும் அதை விளக்க முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் கேன்வரை நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல ஹாரனின் சிரிப்பு இறங்கியது.

"நாளைக்குப் போனதும் இன்ஜினியர்கிட்ட சொல்லிடுறேன்" என்றாள்.

"சனிக்கிழமை சொல்லேன்" என்றான் ஹாரன்.

அவள் நறுக்கிய வெங்காயத்தைத் தட்டில் தள்ளினாள்.

"இன்னும் மூணு நாள். இத்தனை நாள் நடந்தவங்க இன்னும் மூணு நாள் நடக்க மாட்டாங்களா? நீ நாளைக்குச் சொன்னா, இதுவரைக்கும் வந்த பச்சை சிவப்பு எல்லாம் செல்லாதுன்னுடுவாங்க. எனக்கு வெள்ளிக்கிழமை பரிசோதனையே இருக்காது. மாசம் முடிஞ்சிடும்."

"அந்தச் சமையல்காரர் எவ்வளவு கனம் இருப்பார்?"

"எதுக்கு?"

"நான் பிறந்ததிலேருந்து இப்படி நடக்கிறேன், என் முட்டிக்குப் பழக்கம். அவர் முட்டிக்கு? வெட்டித் தைச்ச முட்டி. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவ்வளவு கனத்தையும் ஆட்டி ஆட்டி... மூணு நாள்ல விரிஞ்சிட்டா?"

"வேலையை விட்டுத் தூக்கிட்டா என்ன பண்ணுவே?" என்று கேட்டாள் நாத்தனார்.

"மறுபடியும் இடது பாக்கெட்தான்."

ஹாரன் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றான். கீழே தெருவில் ஒரு பஸ் வளைவில் திரும்பியது. ஓட்டுகிறவன் அகலம் போதாமல் திருப்புகிறான் என்று அவனுக்குத் தெரிந்தது. பின்சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கியது.

"சொல்லிடு" என்றான், திரும்பாமல். "டயர் ரூம்ல ஃபேன் இருக்கு. நம்ம வீட்டு ஆராய்ச்சியாளர் ஏற்கெனவே கண்டுபிடிச்சுச் சொல்லிட்டாங்க."

மகள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

மறுநாள் காலை இன்ஜினியர் அவள் சொன்னதை நின்றுகொண்டு கேட்கத் தொடங்கி உட்கார்ந்துகொண்டு முடித்தார்.

"எல்லாத்தையுமா அக்கா?"

"எல்லாத்தையும் சார்."

"வில்லையை மாட்டிட்டு?"

"விளக்கு எரியுதான்னு பாக்கணும்ல."

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றினார். வில்லையை முதன்முதலில் ஓர் உறையில் மாட்டும்போது, அப்போது நடக்கிற நடையைத்தான் அது சரியான நடை என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப்பின் வருவதையெல்லாம் அதோடுதான் ஒப்பிடும். அந்த முதல் நடையை அவரே நடந்து பதிவு செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் உறையையும் போட்டுக்கொண்டு, முன்னறையில், நெஞ்சை நிமிர்த்தி. அவர் நடந்தது எதுவும் முதல் நடை இல்லை. இதை அவர் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. கதவை ஏன் சாத்திக்கொள்கிறாள் என்று அவளும் சொல்லியிருக்கவில்லை.

"நீங்க தூங்குறீங்கன்னு நினைச்சேன் அக்கா" என்றார்.

"வேலை நேரத்துலயா?" அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் நின்றது. ஃபோனை எடுத்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார். மறுமுனையில் பிசியோ மேடம் பேசியது பின்னறைவரைக்கும் கேட்டது. அன்று முழுவதும் அவள் தைக்கவில்லை. திரும்பி வந்த உறைகளிலிருந்து வில்லைகளைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். மாலையில் கிளம்பும்போது வாசலில் நின்றாள்.

"நாளைக்கு நான் வரணுமா சார்?"

"வராம? இதையெல்லாம் யாரு மறுபடி சரிபார்க்கிறது?" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "போட்டுப் பாக்கிறதை நிறுத்தாதீங்க. ஒண்ணுகூடக் கடிக்கலன்னு எல்லாரும் சொல்றாங்க. வில்லையை மட்டும் மாட்டாதீங்க."

இனி யாருடைய நடையைச் சரியான நடை என்று வைப்பது என்பதில் இன்ஜினியருக்கும் பிசியோ மேடத்துக்கும் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. தன் நடையையே வைக்கலாம் என்றார் இன்ஜினியர். "நீங்க நடக்கிறதும் ஒண்ணும் சொல்லிக்கிற மாதிரி இல்ல" என்றார் மேடம். கடைசியில் அவரவருடைய நல்ல காலில் உறையைப் போட்டு அந்த நடையைப் பதிவு செய்துகொண்டு, அதோடு அடிபட்ட காலை ஒப்பிடுவது என்று முடிவானது. இரண்டு முட்டியும் போனவர்களுக்கு என்ன செய்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமைப் பரிசோதனை நடக்கவில்லை. மாதம் முடிந்தது. ஹாரன் டயர் ரூமுக்குப் போனான். தப்பு உறைமேல்தான், இவர் கால்மேல் இல்லை என்று பிசியோ மேடம் டிப்போவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லியிருந்தார். மேனேஜர் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் பாலத்து வழி இருக்கையில் தற்காலிகமாகத்தான் ஆள் போட்டார். அந்த ஆள் வளைவில் அகலம் போதாமல் திருப்புகிறவன்.

ஹாரன் டயர் ரூமில் தும்மினான். தும்மலுக்கு நடுவே டயர்களை எண்ணினான். ஃபேன் இருந்தது, சுற்றவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து இதை அவன் சொன்ன விதத்தில், அவள் பயந்ததுபோல எதுவும் இல்லை. சாப்பாட்டுக்கு மறுபடி வாத்து நடை நடந்துதான் வந்தான்.

"இப்ப அதை விட்டுடுங்க. கால் அப்படியே பழகிடப் போகுது" என்றாள்.

"பழகினா என்ன? ஆஸ்பத்திரியே டிகிரி கொடுத்த நடை."

இடது காலோடு ஒப்பிட்டபோது வலது கால் முதலில் மஞ்சள் காட்டியது. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே. மடங்குவதில் இன்னும் கொஞ்சம் குறை இருந்தது உண்மைதான். ஹாரன் அதை ஒப்புக்கொண்டான். இந்தமுறை திரையையும் பார்த்தான். மஞ்சள் மெல்ல மெல்ல வெளுத்து, ஒருநாள் பச்சையானது. அவனுடைய சொந்த நடைக்கு. அகலமான அடி, கொஞ்சம் முன்னால் சாய்ந்த தோள். பிசியோ மேடம் இந்தமுறை கை தட்டவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவன் மறுபடி பஸ் ஓட்டத் தொடங்கிய வாரத்தில், ஒரு மாலை, அவள் வேலை முடிந்து பேட்டரிக் கடை வாசலில் இறங்கினாள். பஸ் நிறுத்தம் தெருக்கோடியில். அவளுக்கு முன்னால் ஒரு பெண்மணி நடந்துகொண்டிருந்தார். நல்ல உடை, கையில் தோல் பை. பாதம் சற்று வெளியே திரும்பி விழுந்தது. அடி சிறியது. இடுப்பு ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது.

அவள் நின்றுவிட்டாள்.

யாரென்று தெரிந்தது. பல் டாக்டரம்மா. ஆஸ்பத்திரியில் நடந்ததையெல்லாம் இன்ஜினியர் சொல்லியிருந்தார். பெயிண்டரும் சமையல்காரரும் ஒரு வாரத்தில் தங்கள் பழைய நடைக்குத் திரும்பிவிட்டார்கள். இந்த அம்மா மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். முட்டியைச் சோதித்துப் பார்த்து, கெடுதல் இல்லை என்று பிசியோ மேடமும் விட்டுவிட்டார். நாள் முழுவதும் நின்றுகொண்டே பல் பிடுங்குகிற தனக்கு இந்த நடையில்தான் மாலையில் இடுப்பு வலிக்கவில்லை என்பது அவருடைய கட்சி.

அவள் பின்னாலேயே போனாள். எட்டிப் பிடிக்கவில்லை. இத்தனை வருடமாக எல்லோரும் பார்த்ததை முதல்முறையாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஹாரன் குறைத்து நடந்து காட்டுவதாகச் சொன்னது பொய். கூட்டித்தான் காட்டியிருக்கிறான். இது அவ்வளவு இல்லை. கூட்டத்துக்குள் போகும்போது எதிரே வருகிறவர்கள் ஒதுங்குவதற்கு முன்பே இடுப்பு ஒதுங்கிக்கொடுத்தது. கையில் கனமான பை இருந்தும் தோள் சாயவில்லை. ஓடையில் தண்ணீர் போகிறமாதிரி என்று நினைத்தாள். உடனே, தானே அப்படி நினைத்துக்கொள்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

பாலத்து வழி பஸ் வளைவில் வந்தது. அகலமாக எடுத்து, விளிம்பில் உரசாமல் திரும்பியது. டாக்டரம்மா வேகமாக நடந்தார். அவளும் வேகமாக நடந்தாள். இருவருக்கும் ஆட்டம் கூடியது.

பக்கவாட்டுக் கண்ணாடியில் அவன் பார்த்துவிட்டான். ஒருவர்பின் ஒருவராக இரண்டு பேர். பஸ் ஹாரனை நீளமாக அடித்தான். நிறுத்தத்தில் நின்றவர்கள் திடுக்கிட்டார்கள்.

"என்னய்யா இது, ஆள்தான் வர்றோமில்ல?" என்றார் டாக்டரம்மா, படியில் கால் வைத்தபடி.

"உங்களுக்கு இல்லம்மா" என்றான் அவன். "பின்னாடி வர்றவங்களுக்கு. பாத்து ஏறுங்க, படி ஈரமா இருக்கு. நான் விழுந்த படி."